வெள்ளச்சியின் மடி

வேலாங்காட்டுப்புதூரில் எந்த வீட்டு மாட்டுக்கு மடி வீங்கினாலும் அதைக் கொண்டுபோய்த் துளசிமணி வீட்டு வெள்ளச்சியின் பக்கத்தில் கட்டினால், இரண்டும் ஒரே தொட்டியில் தவிட்டுத் தண்ணீர் குடித்து, ஒரே கட்டுச் சோளத்தட்டைத் தின்று, ஒன்றாக நின்று அசைபோட்டு முடிப்பதற்குள் வந்த மாட்டின் வீக்கம் வடிந்து வெள்ளச்சியின் மடிக்கு வந்து சேர்ந்துவிடும். வந்த மாடு வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும், வெள்ளச்சி பின்னங்காலை அகட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். இது தொடங்கி இன்னும் ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் வாய்க்காலில் தண்ணீர் வருவதையும் மாரியம்மன் கோயிலில் மணி அடிப்பதையும் சொல்வது மாதிரித்தான் இதையும் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் பருத்திக்கொட்டை விலை ஏறிப்போன பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுச் சாமியாத்தாளின் மாடு. ஐப்பசி மழையில் அவள் மாடு கட்டுகிற கட்டுத்தரைச் சுவர் ஊறி விழுந்துவிட்டது, மாட்டுக்கோ ஒரு காம்பு கல்லாக இறுகி, பீச்சினால் பால் வராமல் திரிதிரியாக ஏதோ வந்தது, பால் சொசைட்டியில் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஓலை கட்டி முடிக்கிற வரைக்கும் உங்கள் கட்டுத்தரையில் கட்டிக்கொள்ளட்டுமா அக்கா என்று சாமியாத்தாள் வந்து நின்றாள், அதற்கென்ன கட்டு என்று துளசிமணியும் சொன்னாள். பொழுது சாய்ந்து சாமியாத்தாள் பால் கறக்க உட்கார்ந்தபோது அவளுடைய செம்பில் நுரை பொங்கியது. அதே நேரத்தில் இந்தப் பக்கம் உட்கார்ந்த துளசிமணியை, பிறந்ததிலிருந்து யார்மேலும் கால் தூக்காத வெள்ளச்சி எட்டி உதைத்தது. தொட்டுப் பார்த்தால் ஒரு காம்பு கொதித்தது, பீச்சினால் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது.

துளசிமணி இதற்கெல்லாம் வாயில் கை வைக்கிறவள் இல்லை. நாற்பத்தைந்து வயதில் பாதிக்கு மேல் மாட்டுக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து கழித்தவள், நோய் ஒட்டும் என்று அவளுக்குத் தெரியும், ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள். கால்நடை டாக்டரம்மா வண்டியில் வந்து ஊசி போட்டார், நோவு மாட்டைத் தனியாகக் கட்டு, கடைசியாகக் கற, கையைக் கழுவு என்றார். எல்லாம் சரியான பேச்சுத்தான். ஒட்டிக்கொண்டது சரி, கொடுத்த மாட்டுக்கு எப்படி விட்டுப்போனது என்று துளசிமணி கேட்பதற்குள் அவர் வண்டியில் ஏறிவிட்டார், அவருக்கும் இன்னும் ஐந்தாறு ஊர் போக வேண்டியிருந்தது.

அடுத்து, சோளத்தட்டு வெட்டும் கத்தி இரவல் கேட்க வந்த காளியண்ணன், கையில் பிடித்திருந்த நோவு மாட்டை வெள்ளச்சி பக்கத்தில் கட்டிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தபோது அவர் மாடு சுகமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒருத்தர் வேண்டுமென்றே கட்டிப் பார்த்தார், சுகமானது. அன்றைக்கு அதிசயம் என்று வாயைப் பிளந்தவர்கள் எல்லோரும் மறுநாள் வாயை மூடிக்கொண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டு நோவுக்கு வழி தெரிந்தவர்கள், மந்திரிக்கிறவராக இருந்தாலும் சரி, சூடு போடுகிறவராக இருந்தாலும் சரி, யாரிடமும் காசு வாங்கக் கூடாது. வாயில்லாத ஜீவன் என்று வாசலுக்கு வந்தவர்களை முடியாது என்று சொல்லித் திருப்பவும் கூடாது. திருப்பினால் தன் மாட்டுப்பட்டி அழியும் என்பார்கள். சோறு தின்கிற நேரமென்றாலும் கையை உதறிவிட்டு எழுந்து வர வேண்டும். துளசிமணி மந்திரம் படித்தவளும் இல்லை, வழி தெரிந்தவளும் இல்லை, அவளிடம் இருந்தது ஒரு மாடு. இருந்தாலும் வழக்கம் அவள் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவளும் அதைத் தள்ளிவிடவில்லை. வந்தவர்கள் கட்டுக்கட்டாகத் தட்டும் படி படியாகப் பருத்திக்கொட்டையும் கொண்டுவந்து போட்டார்கள். போகப்போக ஒரு கைப்பிடி அகத்திக்கீரை வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

ஊர் இந்த விஷயத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். சொசைட்டிச் செயலாளர் தங்கமுத்து, யார் வீட்டு மாடு முன்னால் யார் வீட்டு மாடு பின்னால் என்று சண்டை வரக் கூடாதென்று, காலைப் பால் ஊற்ற வந்தவர்களிடமே கேட்டு வரிசை சொல்ல ஆரம்பித்தார். பூசாரி வெள்ளிக்கிழமைதோறும் வந்து வெள்ளச்சியின் கொம்புக்கு மஞ்சள் பூசி நெற்றியில் குங்குமம் வைத்தார். ஊருக்குள் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட முதலில் கட்டுத்தரைக்குக் கூட்டிவந்து காட்டினார்கள். வெள்ளச்சியை யாரும் அது, இது என்று பேசுவதில்லை. வெள்ளச்சி அவங்க தண்ணி குடிச்சாங்களா, வெள்ளச்சி அவங்களுக்கு இன்னிக்குத் தாங்குமா என்று விசாரித்தார்கள். விசாரித்துக்கொண்டே தங்கள் மாட்டை அவங்க பக்கத்தில் கட்டினார்கள். ஊர்ப் பால் அத்தனை நன்றாக இருந்ததால் குளிரூட்டும் நிலையத்திலிருந்து பாராட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தனுப்பினார்கள், அதைத் தங்கமுத்து சொசைட்டியில் மாட்டி மாலையும் போட்டார்.

அந்த நோவை யார் பார்த்தது என்றால், துளசிமணிதான் பார்த்தாள். விடிந்தும் விடியாமலும் வெந்நீர் போட்டு, உப்புப் போட்டு, துணி முக்கி, மடிக்கு ஒத்தடம் கொடுத்து, இறுகின காம்பைக் கட்டைவிரலால் நீவி நீவி இறக்கி, தயிராகவும் திரியாகவும் ரத்தம் கலந்த தண்ணீராகவும் வந்ததை ஒரு பழைய ஈயப் போசியில் பீச்சி, பீச்சினதைக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுக் குழியில் மூடி, கற்றாழையை முள் சீவி மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அம்மியில் அரைத்து, அந்தச் சிவப்பு விழுதை மடி முழுக்கப் பூசி, அது காய்வதற்குள் அடுத்த வெந்நீர் கொதித்துவிடும், அதற்குள் வாசல் படலுக்கு வெளியே அடுத்த மாடு வந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. அவளுடைய மணிக்கட்டு வீங்கிப்போய், துணியைப் பிழிந்தால் உயிர் போயிற்று. எந்த சோப்புப் போட்டாலும் கையில் அந்தப் புளிச்ச வாடை போகவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் ராக்கியண்ணன் தறிப்பட்டறையில் வேலை செய்கிறவர், பேச்சு குறைவு, அவர் பாட்டுக்குக் கட்டிலை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். ஒருநாள், வித்துவிடலாமா என்றார். எவன் வாங்குவான், வாங்கினால் அவன் ஊர் நோவையெல்லாம் அவன் கட்டுவான், இவள் அங்கே போயும் இதையேதான் பார்ப்பாள் என்றாள் துளசிமணி.

டாக்டரம்மா ஊசி போட்டால் மடி வற்றத்தான் செய்தது. வற்றின மறுநாளே அடுத்த மாடு வந்தது. ஊரில் நோவு குறைந்திருக்க வேண்டும், நியாயமாகப் பார்த்தால். அதுதான் நடக்கவில்லை. முன்னெல்லாம் கறக்கும் முன் மடியை வெந்நீரில் கழுவித் துடைப்பார்கள், கறந்து முடித்ததும் காம்பு மூடுகிற வரைக்கும் மாடு படுக்காமல் நிற்க ஒரு வாய்த் தட்டுப் போடுவார்கள், கட்டுத்தரையில் சாம்பல் தூவுவார்கள். இப்போது எதற்கு அதெல்லாம், வெள்ளச்சி அவங்க இருக்காங்க என்று விட்டுவிட்டார்கள். ஒன்றைமட்டும் விடவில்லை. முதல் பீச்சுப் பால் பூமிக்கு என்று தரையில் விடுவது அந்த ஊர் வழக்கம், நோவு மாட்டுப் பாலையும் பூமிக்குத்தான் விட்டார்கள், அந்த ஈரத்திலேயே மாடு மடியை வைத்துப் படுத்தது. முன்னே மழைக்காலத்தில்மட்டும் வந்த நோவு இப்போது பங்குனி வெயிலிலும் வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு, வெளியூராச்சே, வாயில்லாத ஜீவனாச்சே என்று உள்ளூர்க்காரர்கள் வரிசையில் விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பெருந்தன்மையில் குறை சொல்ல முடியாது.

இதற்கு நடுவில்தான் துளசிமணியின் ஒரே மகள் வாணி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு ஆக்க உட்கார்ந்தால் படலுக்கு வெளியே மாடு கத்தும், குழந்தையைக் குளிப்பாட்ட எண்ணெய் எடுத்தால் காளியண்ணன் தொண்டையைச் செருமுவார். குழந்தையை எடுக்கும் முன் துளசிமணி சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்தாள், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள், அப்படியும் அவள் கையில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. பார்க்க வந்த சம்பந்தியம்மா ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார்.

"நீங்க ஊருக்கே செய்யறீங்க சம்பந்தி. எங்க மருமகளுக்கு நாங்க செஞ்சுக்கறமுங்க."

மாசம் திரும்புவதற்குள் வாணியைப் பிள்ளையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி திரும்பும்போது வாணி அம்மாவைப் பார்க்கவே இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ஒரு கை மருந்து இடித்துக் கொடுக்க முடியவில்லையே என்று துளசிமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துவிட்டதால் அழுவதற்கு நேரமில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் ஒருநாள் தங்கமுத்துவிடம் போய், என்னால் முடியவில்லை, என் மாட்டாலும் முடியவில்லை என்று சொன்னாள். தங்கமுத்து பதறிப்போய் ஊர்க்கூட்டம் போட்டார். எல்லோரும் துளசிமணியைப் பற்றி உருகி உருகிப் பேசினார்கள். சாமியாத்தாள் அழுதேவிட்டாள். ஒத்தாசைக்கு வீட்டுக்கு ஓர் ஆளாக முறை வைத்து வருவது என்று முடிவு செய்து, கை தட்டி, துளசிமணிக்கு ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தார்கள். மறுநாள் முறைக்காரர்கள் வந்தார்கள், வாடை தாங்காமல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்கள், வீட்டில் சோறு வடிக்கவில்லை என்று ஞாபகம் வந்து போய்விட்டார்கள். மாடுகள்மட்டும் முறை தவறாமல் வந்தன.

கெட்டவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படலைச் சாத்திவிடலாம். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்திக்கு அந்த ஒரே மாடு, அந்தப் பாலில்தான் அடுப்பு எரிந்தது. இன்னொருத்தருடைய மாடு சினைமாடு. நாட்டுக்கு நல்லது செய்கிற கை உங்கள் கை என்று கும்பிட்டுக்கொண்டு நின்றவர்களிடம் துளசிமணி இல்லை என்று சொல்ல வாயெடுத்தால், வாய்க்குள்ளேயே அந்தச் சொல் செத்துவிடும். சரி கட்டுங்க என்பாள். வெள்ளச்சி திரும்பி அவளை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சித்திரையில் வெள்ளச்சி தீனி எடுப்பதை நிறுத்தியது. மடி நாலு பக்கமும் புடைத்து, நரம்பெல்லாம் கயிறாகத் தடித்து, கறுப்பும் நீலமுமாகத் தொங்கியது, ஈ உட்கார்ந்தாலே தோல் நடுங்கியது. டாக்டரம்மா வந்து நாலு காம்பையும் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு மாடு இவள் பக்கத்தில் கட்டினால் இவள் பிழைக்க மாட்டாள், நான் எழுதிக்கூடத் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். ஊசியும் போட்டார், போகும்போது வண்டியை நிறுத்தித் திரும்பி வந்து இன்னொரு தரம் வெள்ளச்சியின் முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

அன்றைக்கே துளசிமணி வேலமுள்ளை வெட்டி வந்து படலில் கட்டினாள். வந்தவர்களிடம், இனிமேல் இல்லை, பட்டி அழிந்தால் அழியட்டும் என்று சொன்னாள். சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்து அதற்குத்தான் தயாராக இருந்தாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. சரிங்க, உங்களுக்கும் முடியணுமில்ல என்றார்கள். சொல்லிவிட்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். காலையில் வந்தவர்கள் உச்சிக்கும் போகவில்லை. சோற்றுப் போசி கொண்டுவந்து அங்கேயே தின்றார்கள். தங்கமுத்து வந்தார், அவர் மாட்டுக்கும் இரண்டு காம்பு இறுகியிருந்தது, அவரும் ஒரு ஓரமாக நின்றார். நோவு மாடுகள் ஒன்று மாற்றி ஒன்று கத்தின. சாமியாத்தாளின் மாடும் மறுபடி வீங்கிப்போய் அந்தக் கூட்டத்தில் நின்றது. சாமியாத்தாள் துளசிமணியின் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இவர்கள் பொறுமையைத் தாங்குவதைவிட நாலு அடி வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது துளசிமணிக்கு. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. வெள்ளச்சி பிழைக்க வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு எந்த நியாயமும் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து வாணி இறங்கினாள். கைக்குழந்தையை வலது பக்கமாகவே அணைத்திருந்தாள், இடது கையை உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு நடந்தாள், முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. கூட்டத்தில் இருந்த பெண்களுக்கு அந்த நடையைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது. பால் கட்டி, மார் வீங்கி, சீழ் பிடித்துவிட்டது. நாலு நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், மாமியார் வெற்றிலை வாட்டிப் போட்டும் வற்றவில்லை, இன்றைக்கு வலி பொறுக்காமல் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ ஏறி அம்மாவிடம் வந்துவிட்டாள்.

கூட்டம் மாடுகளை இழுத்து ஒதுங்கி வழி விட்டது. ஒரு பெண்பிள்ளைக்கு அது கேட்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை; மாட்டுக்குக் கேட்டது மனுஷிக்குக் கேட்காதா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துளசிமணியும் அதையேதான் நினைத்தாள். வாணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காலையிலிருந்து ஊரையே நிறுத்தி வைத்திருந்த அந்த வேலமுள்ளைத் தன் கையாலேயே பிய்த்து எறிந்தாள். முள் கிழித்து ரத்தம் வந்ததை அவள் பார்க்கவில்லை. படலைத் திறந்துவிட்டு மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தங்கமுத்து தன் மாட்டின் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மகளுக்குத் திறந்த படல் மற்றவர்களுக்கும் திறந்ததுதானே என்று அவர் நினைத்திருந்தால் அதிலும் தப்பு இல்லை.

துளசிமணி வாணியைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார வைத்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள். இந்தத் தரம் குழந்தை அழவில்லை. "செத்த நேரம் இப்படியே உக்காந்திரு கண்ணு, சரியாப் போயிரும்," என்றாள். வெள்ளச்சியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆறேழு மாசமாக ஊர் முழுக்க வெள்ளச்சியை எப்படி மடியாகமட்டும் பார்த்ததோ அதே மாதிரி அவளும் அன்றைக்குத் தன் மாட்டைப் பார்த்தாள்.

வெள்ளச்சி மெதுவாகத் தலையைத் திருப்பியது. நிற்கவே முடியாத கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வாணியின் பக்கம் நகர்ந்து வந்தது. அப்போதுதான் வாணி அதன் மடியைக் கண்ணுக்கு நேரே பார்த்தாள். பிரசவத்துக்கு வந்திருந்தபோது இவ்வளவு இல்லை. அவள் கையை நீட்டி, தொடாமல், காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றிக்கு நேரே கையை வைப்பதுபோல மடிக்கு நேரே வைத்தாள். சூடு கையில் அடித்தது. வெள்ளச்சியின் தோல் நடுங்கியது. அந்த நடுக்கம் எங்கே தொடங்கி எப்படி ஓடும், அது முடிகிற வரை மூச்சை எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஊரிலேயே அன்றைக்கு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஏம்மா, எனக்கு ஒரு பக்கந்தாம்மா," என்றாள். "சீலை பட்டாலே உசுரு போயிட்டு வருது. இவ நாலையும் வெச்சுட்டு நிக்கறா."

துளசிமணி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இதையும் இவகிட்டக் குடுத்துட்டு நான் எந்திரிச்சுப் போகணுமாம்மா? எனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

சாக்கிலிருந்து கையை ஊன்றி எழுந்தாள். எழும்போது வலி தாங்காமல் அவளுக்கு ஒரு சத்தம் வந்தது. வேப்பமரத்தடி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஊரில் பிள்ளை பெற்ற பெண்கள் பாதிப் பேருக்கு மேல் அந்தச் சத்தத்தை ஒருகாலத்தில் போட்டவர்கள்தான். பிள்ளை வளர்ந்த பிறகு மறந்துபோயிருந்தார்கள். கத்துகிற மாடுகளுக்கு நடுவில் நின்றபோது அது எந்தச் சத்தம் என்று அவர்களுக்குப் புரிந்தது. வாணி யாரையும் திட்டவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. இடது கையைத் தள்ளி வைத்துக்கொண்டு அதே வழியில் நடந்து போய் ஆட்டோவில் ஏறினாள். துளசிமணி குழந்தையோடு பின்னாலேயே ஓடினாள். படலைச் சாத்தவில்லை, முள்ளைக் கட்டவில்லை, வெள்ளச்சிக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட வைக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கீறி, சீழை எடுத்து, துணி வைத்துக் கட்டினார்கள். நர்சம்மா ஒருத்தர், கட்டாத பக்கம் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இரு, இந்தப் பக்கத்தைப் பீச்சி எடுத்துவிடு, தேங்க விடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். வாணிக்குக் கையைத் தூக்க முடியவில்லை. துளசிமணிதான் வெந்நீரில் துணி முக்கி ஒத்தடம் கொடுத்து, கட்டைவிரலால் நீவி நீவி, மகளின் பாலை ஒரு டம்ளரில் பீச்சி எடுத்தாள். ஆறேழு மாசமாகச் செய்கிற வேலை. இந்தக் கைக்கு இது ஒன்றுதான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாணி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நடுவில் ஒருதரம் கண்ணைத் திறந்து, "உங் கை நல்லா சூடா இருக்குதும்மா," என்றாள். துளசிமணிக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை, அதனால் வழியவிட்டாள்.

மறுநாள் சம்பந்தியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, துளசிமணி பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். வழியெல்லாம் அவளுக்குத் திறந்துபோட்டு வந்த படல்தான் கண்ணில் நின்றது. ராக்கியண்ணன் வாய் திறந்து யாரையும் தடுக்கிறவர் இல்லை. காளியண்ணன் கட்டியிருப்பார், தங்கமுத்து கட்டியிருப்பார், டெம்போக்காரர்கள் கட்டியிருப்பார்கள், போய்ப் பார்க்கும்போது வெள்ளச்சி நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடக்கும், ஊர் மாலை போட்டு வைத்திருக்கும், நன்றாகக் கும்பிடும் என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை. பஸ் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு நடக்கவே அவளுக்குத் தெம்பு இல்லை, யாராவது இப்போதே கேள்விப்பட்டதைச் சொல்லிவிட்டால் நடக்காமலாவது இருக்கலாம் என்று தோன்றியது.

வேப்பமரத்தடியில் மாடு இல்லை. படலுக்கு வெளியே தரையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று மாட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே வரிசையில், இன்றைக்கு மாடில்லாமல், ஆளுக்கொரு செம்போ போசியோ மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தியும் துளசிமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. யார் முதலில் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனது, யார் யாரைத் தடுத்தது என்பதெல்லாம் பிறகும் ஊரில் யாரும் சொல்லவில்லை, அதையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

கட்டுத்தரைக்குள் வெள்ளச்சி நின்றுகொண்டிருந்தது. அதனடியில் சாமியாத்தாள் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு காம்பை நீவிக்கொண்டிருந்தாள். முந்தானை மூக்கில் இல்லை, இடுப்பில் செருகியிருந்தாள். கை பழக்கமில்லாமல் தடுமாறியது, முழங்கை வரைக்கும் மஞ்சளும் ரத்தமுமாக வழிந்திருந்தது, போசி பாதி நிறைந்திருந்தது. துளசிமணி வந்து நின்ற நிழல் பட்டும் அவள் தலையைத் தூக்கவில்லை.

"எங்க மாட்டோட வீக்கத்த மட்டும் பீச்சி எடுத்துட்டுப் போயரலாம்னு வந்தனுங்கக்கா," என்றாள். "காத்தால இருந்து பீச்சறன். எது எங்களுதுன்னே தெரியலீங்க. எல்லாம் ஒண்ணாக் கெடக்குது."

அவளை எழுப்பி விட்டுவிட்டுத் தான் உட்காரலாமா என்று துளசிமணிக்கு ஒரு கணம் கை துடித்தது. உட்காரவில்லை.

"ஏதாச்சும் ஒரு காம்பப் புடிச்சுப் பீச்சு, சாமியாத்தா," என்றாள். "எதப் பீச்சினாலும் அது உன்னுதுதான்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், பாயைக்கூட விரிக்காமல், வெறுந்தரையில் படுத்தாள்.